‘வித்தியாசம் இல்லை’ என்று எழுதும் முன்: ஜேக்கப் கோஹென் கற்றுத் தந்த பாடம்



இந்த வாரம் என் தவறு ஒன்றிலிருந்து பாடத்தைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி அறிவியல் விழாவுக்காகப் படிவம் நான்கு மாணவிகள் இருவர் ஓர் ஆய்வு செய்தார்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால் நினைவில் நிற்பது குறையுமா என்பதுதான் கேள்வி. தோழிகள் இருபது பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு பாட்டுடன் 20 சொற்களைப் படித்தது. மற்றொன்று அமைதியான அறையில் அதே சொற்களைப் படித்தது. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருந்தார்கள். பாட்டுக் கேட்டவர்கள் சராசரியாக 11.6 சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். அமைதியாகப் படித்தவர்கள் 12.9 சொற்கள்.

நான் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். “இந்த வித்தியாசம் புள்ளியியல்படி முக்கியமானது இல்லை” என்று விடை வந்தது. அதனால் பதாகையில் “இசைக்கும் நினைவாற்றலுக்கும் தொடர்பு இல்லை” என்று எழுதச் சொன்னேன். ஒருத்தி மட்டும் தயங்கினாள். “டீச்சர், ஆனா 1.3 சொல் வித்தியாசம் இருக்கே?” என்று கேட்டாள். “இருக்கும்மா, ஆனா புள்ளியியல் இல்லைன்னு சொல்லுது” என்று பதில் சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவால் சரி என்று குறியும் போட்டேன்.

அவள் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னதுதான் தவறான பதில். எங்கே தவறினேன் என்பதைப் புரிய வைத்தவர், நான் நேரில் பார்த்திராத ஓர் அமெரிக்க ஆசிரியர். அவர் பெயர் ஜேக்கப் கோஹென்.

யார் இந்த கோஹென்?

ஜேக்கப் கோஹென் 1923-ஆம் ஆண்டு பிறந்தவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1950-இல் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் பேராசிரியராக இருந்தார். 1998-இல் காலமானார். படித்தது உளவியல், வாழ்நாள் முழுதும் செய்தது அந்த உளவியலுக்குள் நடக்கும் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை.

அவர் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. மூளையில் புதிய பகுதி எதையும் காட்டவில்லை. ஆனால் இன்று உலகில் எங்கே ஓர் உளவியல் ஆய்வோ மருத்துவ ஆய்வோ திட்டமிடப்பட்டாலும், “எத்தனை பேரை வைத்துச் சோதிக்கப் போகிறீர்கள்? ஏன் அத்தனை பேர்?” என்ற கேள்வி வந்தே தீரும். அந்தக் கேள்வியை உளவியலில் ஊன்றியவர் அவர்தான்.

முதலில் பி-மதிப்பைப் புரிந்துகொள்வோம்

நான் கணினியில் பார்த்தது ‘பி-மதிப்பு’ என்ற எண்ணை. இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பல்கலைக்கழக மாணவர்களும் இதற்கு விலக்கில்லை. அதனால் மெதுவாகப் பார்ப்போம்.

பாட்டு எந்த வித்தியாசத்தையும் உண்டாக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படி இருந்தாலும் இரண்டு குழுக்களின் சராசரியும் அச்சடித்தாற்போல ஒன்றாக வராது. நினைவாற்றல் மிக்க தோழிகள் இருவர் தற்செயலாக ஒரே குழுவில் விழுந்துவிட்டால் போதும், சராசரி மாறிவிடும். அப்படித் தற்செயலாக மட்டுமே, நாம் பார்த்த அளவு அல்லது அதைவிடப் பெரிய வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு உண்டு? அந்த வாய்ப்புதான் பி-மதிப்பு.

எங்கள் ஆய்வில் அது ஏறக்குறைய 0.28. அதாவது பாட்டுக்கு எந்த விளைவும் இல்லாவிட்டாலும், இப்படிப்பட்ட வித்தியாசம் நூற்றில் 28 முறை தற்செயலாகவே வரும். இங்கிலாந்துப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட நூலின் வழியாக, 0.05 என்ற எல்லை பரவலாகப் பழக்கத்துக்கு வந்தது. இருபதில் ஒரு முறைக்கும் குறைவாகவே தற்செயலாக வரக்கூடியது என்றால், அதைக் கவனிக்கத்தக்க முடிவு என்று எடுத்துக்கொள்வார்கள். எங்கள் 0.28 அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இருந்தது.

இதுவரை நான் செய்த கணக்கில் பிழை இல்லை. “தற்செயலாகவும் இருக்கலாம்” என்பதுதான் கணினி சொன்னது. நான் அதை “தொடர்பு இல்லை” என்று மொழிபெயர்த்துவிட்டேன். இரண்டும் ஒன்றல்ல.

நெத்திலியும் வலையும்

ஒரு மீனவர் பெரிய கண்ணுள்ள வலையைக் கடலில் வீசுகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்துப் பார்த்தால் நெத்திலி ஒன்றுகூட இல்லை. “இந்தக் கடலில் நெத்திலியே கிடையாது” என்று அவர் சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? “அண்ணே, உங்க வலையில நெத்திலி நிக்குமா?” என்றுதானே முதலில் கேட்பீர்கள்?

ஆய்விலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். விளைவு ஒன்று உண்மையிலேயே இருந்தால், அதைப் பிடிக்க என் ஆய்வுக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? இந்த வாய்ப்பைப் புள்ளியியலில் சோதனையின் ‘ஆற்றல்’ என்பார்கள். ஆற்றல் 80 விழுக்காடு என்றால், விளைவு உண்மையாக இருக்கும்போது பத்தில் எட்டு முறை அந்த ஆய்வு அதைக் கண்டுபிடிக்கும். இரண்டு முறை தவறவிடும்.

ஆற்றல் என்ற கருத்து கோஹெனுடையது அன்று. ஜெர்ஸி நெய்மன், ஈகான் பியர்சன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1930-களிலேயே அதை வகுத்துவிட்டார்கள். ஆனால் உளவியல் ஆய்வாளர்கள் பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோஹென் பார்த்தார்.

70 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தபோது

1960-ஆம் ஆண்டு ஓர் உளவியல் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரைகளை கோஹென் எடுத்துக்கொண்டார். அவற்றில் 70 ஆய்வுகளின் ஆற்றலை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார். முடிவை 1962-இல் வெளியிட்டார்.

விளைவு பெரிதாக இருந்தால், அந்த ஆய்வுகள் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு சராசரியாக 83 விழுக்காடு. அது பரவாயில்லை. விளைவு நடுத்தரமாக இருந்தால் 48 விழுக்காடு. சிறியதாக இருந்தால் வெறும் 18 விழுக்காடு.

நடுவில் உள்ள எண்ணைப் பாருங்கள். 48 விழுக்காடு என்பது நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதற்குச் சமம். ஓர் ஆய்வாளர் மாதக்கணக்கில் உழைக்கிறார், பணம் செலவழிக்கிறார், பலருடைய நேரத்தை வாங்குகிறார். அவர் தேடுவது உண்மையிலேயே அங்கே இருந்தாலும், அது கிடைக்குமா என்பது நாணயம் விழும் பக்கத்தைப் பொறுத்தது!

இதில் கோஹெனுக்குச் சொந்த அனுபவமும் உண்டு. 1990-இல் எழுதிய கட்டுரையில் அவர் அதை ஒளிக்காமல் சொல்கிறார். அவர் மாணவராக இருந்தபோது, இரண்டு குழுக்களை ஒப்பிட வேண்டுமானால் குழுவுக்கு 30 பேர் போதும் என்று மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்தார்களாம். அதையே அவரும் நம்பினார். பின்னர் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான், குழுவுக்கு 30 பேர் இருந்தால் நடுத்தர விளைவைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் ஏறக்குறைய 47 விழுக்காடு மட்டுமே என்று தெரிந்தது. வழிவழியாக வந்த விதி ஒன்று, கணக்குப் பார்த்ததும் நாணயம் சுண்டுவதாகிப் போனது.

சிறியது, நடுத்தரம், பெரியது: எதை வைத்து?

“விளைவு பெரிது, சிறிது என்கிறீர்களே, எந்த அளவுகோலில்?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஓர் ஆய்வில் சொற்களை எண்ணுகிறோம், இன்னொன்றில் வினாடிகளை, வேறொன்றில் மதிப்பெண்களை. இவற்றை எப்படி ஒப்பிடுவது?

கோஹென் பயன்படுத்திய வழி எளிமையானது. இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தை எடுத்து, அதைத் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். திட்ட விலக்கம் என்பது, ஒரு குழுவில் உள்ளவர்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கிறார்கள் என்பதைக் காட்டும் எண். வகுத்து வரும் விடையைத்தான் இன்று ‘கோஹெனின் டி’ என்கிறார்கள்.

எங்கள் ஆய்வையே எடுத்துக்கொள்வோம்.

வித்தியாசம்: 12.9 − 11.6 = 1.3 சொல்
திட்ட விலக்கம்: 2.6 சொல்
டி = 1.3 ÷ 2.6 = 0.5

மேலும் கீழும் சொல் என்ற அலகு வெட்டுப்பட்டுவிட்டது. மிஞ்சியது வெறும் எண். ஆகவே வினாடியில் அளந்த ஆய்வுடனும் இதை ஒப்பிடலாம்.

டி 0.2 என்றால் சிறியது, 0.5 என்றால் நடுத்தரம், 0.8 என்றால் பெரியது என்று கோஹென் வரையறுத்தார். இந்த எண்களைக் கண்ணுக்குத் தெரியும்படி விளக்க, அவர் பெண் பிள்ளைகளின் உயரத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னார். 15 வயதுப் பெண்களுக்கும் 16 வயதுப் பெண்களுக்கும் இடையே உள்ள சராசரி உயர வித்தியாசம் சிறிய விளைவு. ஏறக்குறைய அரை அங்குலம், பார்த்தால் தெரியாது. 14 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையே உள்ளது நடுத்தரம். கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தட்டுப்படும். 13 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையே உள்ளது பெரியது. உங்கள் பள்ளிச் சபைக்கூடலில் முதல் படிவ மாணவிகளையும் மேல் வகுப்பு அக்காமார்களையும் பார்த்தாலே இது விளங்கும்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். வேறு நல்ல வழிகாட்டி எதுவும் கையில் இல்லாதபோது பயன்படுத்தவே இந்த எண்களைத் தந்தேன் என்று கோஹென் எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையைப் பலர் மறந்துவிட்டார்கள். 0.5 வந்தால் நடுத்தரம் என்று எழுதிவிட்டு, அந்த 1.3 சொல் வாழ்க்கையில் என்ன பொருள்படும் என்று யோசிக்காமல் விட்டால், அது கோஹெனைப் படித்ததாகாது.

எத்தனை பேர் வேண்டும்?

விளைவின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, 0.05 என்ற எல்லை, ஆற்றல் ஆகிய நான்கும் ஒரே கயிற்றில் கட்டியவை. மூன்றைச் சொன்னால் நான்காவதைக் கணக்கிட்டுவிடலாம். இதற்கான அட்டவணைகளை கோஹென் 1969-இல் வெளியிட்ட நூலில் தொகுத்துத் தந்தார். பிறகு 1992-இல் சில பக்கங்களே கொண்ட கட்டுரை ஒன்றில் மிக எளிமையாகச் சுருக்கினார். கணக்குப் பயம் உள்ள ஆய்வாளரும் ஓர் அட்டவணையைப் பார்த்து விடை எடுக்கலாம்.

இரண்டு குழுக்களை ஒப்பிட, 0.05 என்ற எல்லையில், 80 விழுக்காடு ஆற்றல் பெற ஒவ்வொரு குழுவிலும் தேவைப்படுபவர்கள் இவ்வளவு:

பெரிய விளைவு (0.8): 26 பேர்
நடுத்தர விளைவு (0.5): 64 பேர்
சிறிய விளைவு (0.2): 393 பேர்

விளைவு சிறுக்கச் சிறுக்க எண்ணிக்கை எப்படி ஏறுகிறது பாருங்கள். விளைவு கால் பங்காகக் குறைந்தால், ஆட்கள் ஏறக்குறைய பதினாறு மடங்கு வேண்டும்.

இப்போது என் மாணவிகளின் ஆய்வுக்குத் திரும்புவோம். குழுவுக்குப் பத்தே பேர். நடுத்தர விளைவு உண்மையாகவே இருந்தாலும், அதைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் ஏறக்குறைய 18 விழுக்காடு. அதாவது பத்தில் எட்டு முறை “முக்கியமானது இல்லை” என்றுதான் விடை வந்திருக்கும். அந்த வலையில் நெத்திலி நிற்காது. குழுவுக்கு 64 பேர் இருந்து, அதே 1.3 சொல் வித்தியாசமும் அதே சிதறலும் வந்திருந்தால், பி-மதிப்பு ஏறக்குறைய 0.005 ஆகியிருக்கும். இருநூறில் ஒன்று! அதே வித்தியாசம்தான், ஆட்கள் மட்டுமே கூடுதல்.

அப்படியானால் பாட்டு நினைவாற்றலைக் குறைக்கிறது என்று முடிவு செய்யலாமா? அதுவும் கூடாது. 20 பேரிடம் கிடைத்த 1.3 உண்மையான விளைவாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். எங்கள் ஆய்வு இரண்டு பக்கமும் சொல்ல வலுவில்லாதது.

செய்து பாருங்கள்: பகடைச் சோதனை

வீட்டில் பரமபதம் அல்லது லூடோ விளையாடும் பகடை இருந்தால் ஆற்றலைக் கையாலேயே உணரலாம்.

1. பகடையில் 1, 2, 3, 4 விழுந்தால் ‘வெற்றி’ என்றும் 5, 6 விழுந்தால் ‘தோல்வி’ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வெற்றி வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. பாதிக்குப் பாதி அன்று. இது நமக்குத் தெரிந்த உண்மை.

2. உண்மை தெரியாத ஆய்வாளர் போல நடியுங்கள். பத்து முறை உருட்டுங்கள். எட்டு அல்லது அதற்கு மேல் வெற்றி வந்தால் மட்டும் “இது பாதிக்குப் பாதி இல்லை” என்று அறிவியுங்கள். பாதிக்குப் பாதியாக விழும் நாணயம் இந்த எல்லையைத் தொடும் வாய்ப்பு 5.5 விழுக்காடு; ஆகவே எல்லை ஏறக்குறைய நியாயமானது.

3. இந்தப் பத்து உருட்டலை ஓர் ஆய்வு என்று எண்ணி, பத்து ஆய்வுகள் செய்யுங்கள். எத்தனை ஆய்வுகள் உண்மையைக் கண்டுபிடித்தன என்று குறியுங்கள்.

4. பிறகு ஐம்பது உருட்டலை ஓர் ஆய்வாக வைத்துச் செய்யுங்கள். இப்போது எல்லை 31 வெற்றி. நண்பர்களுடன் பிரித்துக்கொண்டால் சீக்கிரம் முடியும்.

பத்து உருட்டலில் ஆற்றல் ஏறக்குறைய 30 விழுக்காடு. பத்து ஆய்வுகளில் மூன்று அளவில்தான் உண்மையைப் பிடிக்கும். ஐம்பது உருட்டலில் அது ஏறக்குறைய 80 விழுக்காடு. பகடை மாறவில்லை. உண்மையும் மாறவில்லை. மாறியது நம் வலைதான். கூடுதல் கணிதம் படிக்கும் மாணவர்கள் ஈருறுப்புப் பரவலைக் கொண்டு இந்த எண்களைத் தாங்களே சரிபார்க்கலாம்.

சிறிய விளைவு, பெரிய பயன்

“சிறிய விளைவுக்காக 393 பேரைத் தேட வேண்டுமா? சிறியதுதானே, விட்டுவிடலாமே” என்று தோன்றலாம். மருத்துவத் துறையிலிருந்து ஓர் உண்மை நிகழ்வைச் சொல்கிறேன்.

1980-களில் அமெரிக்க ஆண் மருத்துவர்கள் 22,071 பேர் ஓர் ஆய்வில் கலந்துகொண்டார்கள். 11,037 பேருக்கு ஆஸ்பிரின் மாத்திரை. 11,034 பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. 1988-இல் வெளிவந்த முதற்கட்ட அறிக்கையின்படி, ஆஸ்பிரின் குழுவில் 104 பேருக்கு மாரடைப்பு வந்தது. போலி மாத்திரைக் குழுவில் 189 பேருக்கு வந்தது.

விழுக்காட்டில் பார்த்தால் 0.94-க்கும் 1.71-க்கும் உள்ள வித்தியாசம். ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆனால் 85 மனிதர்கள்! இதே ஆய்வைக் குழுவுக்கு நூறு பேரை வைத்துச் செய்திருந்தால், ஒரு பக்கம் ஒருவர், மறு பக்கம் இருவர் என்று வந்திருக்கும். “வித்தியாசம் இல்லை” என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் தாத்தாவுக்கு ஆஸ்பிரின் கொடுத்துவிட வேண்டாம். அது இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியது. யாருக்குத் தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.)

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. குழுவுக்குப் பத்தாயிரம் பேரை வைத்து நம் இசை ஆய்வைச் செய்து, வித்தியாசம் 0.13 சொல் மட்டுமே வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பி-மதிப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். “மிக முக்கியமான கண்டுபிடிப்பு!” என்று செய்தி போடலாம். ஆனால் 0.13 சொல்லால் யாருடைய தேர்வு முடிவு மாறப் போகிறது? ஆகவே, ‘முக்கியமானது’ என்ற முத்திரை மட்டும் போதாது. எவ்வளவு என்றும் சொல்ல வேண்டும் என்பதை கோஹென் விடாமல் வலியுறுத்தினார்.

இரு ஆசிரியர்கள் ஒத்துப்போனால் போதுமா?

கோஹென் 1960-இல் தந்த இன்னொரு கருவியையும் சுருக்கமாகப் பார்ப்போம். அதன் பெயர் ‘கப்பா’.

இரண்டு ஆசிரியர்கள் ஒரே 100 கட்டுரைகளைத் தனித்தனியே திருத்துகிறார்கள். இருவரும் 90-க்குத் தேர்ச்சி, 10-க்குத் தோல்வி கொடுக்கிறார்கள். 84 கட்டுரைகளில் இருவரும் தேர்ச்சி என்கிறார்கள். 4-இல் இருவரும் தோல்வி என்கிறார்கள். மொத்தம் 88 விழுக்காடு ஒத்துப்போகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா?

ஆனால் இருவரும் கட்டுரையைப் படிக்காமலேயே, நூற்றில் 90-க்குக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ச்சி போட்டிருந்தால் என்ன ஆகும்? இருவரும் தேர்ச்சி என்பது 0.9 × 0.9 = 0.81. இருவரும் தோல்வி என்பது 0.1 × 0.1 = 0.01. கூட்டினால் 82 விழுக்காடு தற்செயலாகவே ஒத்துப்போயிருக்கும்! தற்செயலைத் தாண்டி ஒத்துப்போகக் கிடைத்த இடம் 18 புள்ளி. அதில் அவர்கள் எட்டியது 6 புள்ளி.

கப்பா = 6 ÷ 18 = 0.33

88 என்று மின்னிய எண் 0.33 ஆகச் சுருங்கிவிட்டது. இரண்டு மருத்துவர்கள் ஒரே நோயாளிக்கு ஒரே நோயைச் சொல்கிறார்களா என்று பார்க்கவும், கணினிக்குக் கற்பிக்கப் படங்களை வகைப்படுத்துபவர்கள் ஒத்துப்போகிறார்களா என்று பார்க்கவும் இந்தக் கப்பா இன்றும் பயன்படுகிறது.

எச்சரிக்கை மணி கேட்டதா?

1962-இல் எச்சரித்தாரே, உளவியலாளர்கள் உடனே திருந்திவிட்டார்களா? இல்லை. 1989-இல் பீட்டர் செட்ல்மையர், கெர்ட் கிகெரென்சர் என்ற இருவர், கோஹென் ஆராய்ந்த ஆய்விதழின் வழிவந்த இதழை எடுத்து, அவர் பார்த்த காலத்துக்கு 24 ஆண்டுகள் கழித்து வந்த கட்டுரைகளை ஆராய்ந்தார்கள். ஆய்வுகளின் ஆற்றல் உயரவே இல்லை.

இதன் விலை என்ன? சரியானவை நூறு, தவறானவை நூறு என்று 200 கருதுகோள்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தவறானவற்றில் ஐந்து தற்செயலாக 0.05 எல்லையைத் தாண்டிவிடும். ஆற்றல் 80 விழுக்காடு என்றால், சரியானவற்றில் 80 கிடைக்கும். ஆக 85 ‘கண்டுபிடிப்புகளில்’ 5 போலி. ஏறக்குறைய 6 விழுக்காடு. ஆற்றல் 20 விழுக்காடு என்றால், சரியானவற்றில் 20 மட்டுமே கிடைக்கும். 25 கண்டுபிடிப்புகளில் 5 போலி, ஐந்தில் ஒன்று! வலுவில்லாத ஆய்வு உண்மையைத் தவறவிடுவதோடு நிற்பதில்லை. பிடித்தவற்றிலும் போலியின் பங்கைக் கூட்டிவிடுகிறது.

2015-இல் இதன் விளைவை உலகமே பார்த்தது. ஆய்வாளர்கள் பெரும் குழுவாகச் சேர்ந்து, வெளிவந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். முதலில் 97 விழுக்காட்டு ஆய்வுகள் ‘முக்கியமான’ முடிவைக் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 விழுக்காடு மட்டுமே அப்படிக் காட்டின. விளைவுகளின் அளவும் சராசரியாகப் பாதியாகக் குறைந்திருந்தது. இதற்குக் காரணங்கள் பல. ஆற்றல் குறைந்த ஆய்வுகள் அவற்றுள் ஒன்று.

ஆனால் கோஹெனின் உழைப்பு வீண்போகவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 1996-இல் புள்ளியியல் முறைகளைச் சீர்செய்ய அமைத்த குழுவின் இணைத் தலைவர்களில் அவரும் ஒருவர். 1999-இல் அக்குழுவின் அறிக்கை, விளைவின் அளவைத் தவறாமல் எழுதுங்கள் என்று வலியுறுத்தியது. அதைப் பார்க்க கோஹென் உயிருடன் இல்லை. இன்று ஆய்வுக்கு நிதி கேட்பவர்களிடமும், மனிதர்களை வைத்து ஆய்வு செய்ய அனுமதி கேட்பவர்களிடமும், ஆற்றல் கணக்கு எங்கே என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. வலுவில்லாத ஆய்வுக்காக நோயாளிகளைச் சிரமப்படுத்துவது அறமும் ஆகாது.

அந்தப் பதாகையில் இன்று என்ன எழுதுவேன்?

“தொடர்பு இல்லை” என்று எழுதச் சொல்ல மாட்டேன். இப்படி எழுதச் சொல்வேன்: “பாட்டுக் கேட்டவர்கள் சராசரியாக 1.3 சொல் குறைவாக நினைவில் வைத்திருந்தார்கள் (டி = 0.5). குழுவுக்குப் பத்துப் பேர் மட்டுமே இருந்ததால், இது உண்மையான விளைவா தற்செயலா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. குழுவுக்கு 64 பேரையாவது வைத்துத் திரும்பச் செய்ய வேண்டும்.”

பரிசு கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாது. ஆனால் அந்த மூன்று வாக்கியத்திலும் பொய் இல்லை. அடுத்த ஆண்டு வேறு மாணவர்கள் அந்த இடத்திலிருந்து தொடரவும் முடியும். கேள்வி கேட்ட அந்த மாணவி இதைப் படிக்க நேர்ந்தால், அவளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: உன் சந்தேகம் சரியானது அம்மா.

நினைவில் வைக்க

• “நிரூபிக்க முடியவில்லை” என்பதும் “இல்லை” என்பதும் வேறு வேறு.
• முடிவு எழுதும்போது, வித்தியாசம் உண்டா என்பதுடன் எவ்வளவு என்றும் எழுதுங்கள்.
• எத்தனை பேர் வேண்டும் என்பதை ஆய்வுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.
• ஒத்துப்போன விழுக்காட்டைப் பார்த்தால், தற்செயலின் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

சிந்திக்க

1. ஒரு விளம்பரம், “எங்கள் பானத்தைக் குடித்த 8 மாணவர்களுக்கும் குடிக்காத 8 மாணவர்களுக்கும் பக்க விளைவில் வித்தியாசம் இல்லை; ஆகவே இது பாதுகாப்பானது” என்கிறது. நீங்கள் என்ன கேட்பீர்கள்?

2. இரண்டு வகுப்புகளின் சராசரி மதிப்பெண் 64, 60. திட்ட விலக்கம் 20. டி எவ்வளவு? குழுவுக்கு 30 பேர் இருந்தால், இதை நம்பிக்கையுடன் கண்டுபிடிக்க முடியுமா?

3. கப்பா கணக்கில் இரு ஆசிரியர்களும் 50-க்குத் தேர்ச்சி, 50-க்குத் தோல்வி கொடுத்து, 88 கட்டுரைகளில் ஒத்துப்போயிருந்தால் கப்பா எவ்வளவு? அது ஏன் உயர்கிறது?

விடைகளை உங்கள் அறிவியல் ஆசிரியரிடமோ கணித ஆசிரியரிடமோ காட்டுங்கள். அவர் எழுதும் விடையிலும் சந்தேகம் வந்தால், தயங்காமல் கேளுங்கள்.